ஆன்லைன் பிசினஸ் ஆரம்பிக்கறவங்களுக்கு: முதல்ல ஈமெயிலைப் பூட்டுங்க, அப்புறம் கடையைத் திறங்க

ஆன்லைன்ல பிசினஸ் பண்ணப் போறேன்னு சொல்றவங்ககிட்ட பேசிப் பாருங்க, கடை பேரு, லோகோ கலரு, இன்ஸ்டாகிராம்ல முதல் போஸ்ட் என்ன, எல்லாத்தையும் கடகடன்னு சொல்லுவாங்க. சரி, உங்க டொமைன், அதாவது வெப்சைட் பேரு, எந்த ஈமெயில்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கு, அந்த ஈமெயிலுக்குள்ள வேற யாரெல்லாம் போக முடியும்னு கேட்டா அங்கதான் முழிப்பாங்க. சைட் பண்ணிக் குடுத்த தம்பிகிட்ட இருக்கும்னு ஒரு பதில் வரும். அந்தத் தம்பி நாளைக்கு போன் எடுக்கலேன்னா கடை யாரோடதுங்க?

ஒரே மாசத்துல பணக்காரன் ஆகறது எப்படின்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, அதை அவங்களே சொல்லட்டும். நான் சொல்ல வர்றது அதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை.

இன்டர்நெட் பிசினஸ்னா என்ன? ரொம்ப எளிமையா பார்த்தா, ஜனங்க உங்களைக் கண்டுபிடிக்க ஒரு பேரு வேணும், பொருளையோ சேவையையோ காட்ட ஒரு இடம் வேணும், பணம் வாங்க ஒரு வழி வேணும், வாங்கினவங்களோட பேச ஒரு வழி வேணும். அவ்வளவுதான். பேருங்கறது டொமைன், இடங்கறது சொந்த வெப்சைட்டோ பல பேர் சேர்ந்து விக்கற பெரிய மார்க்கெட்பிளேஸ்ல ஒரு ஸ்டோரோ சோஷியல் மீடியா பேஜோ, பணத்துக்கு கஸ்டமர்கிட்ட வாங்கி உங்களுக்கு சேர்க்கற பேமென்ட் கேட்வே, பேசறதுக்கு ஈமெயிலும் மெசேஜிங் ஆப்பும். இப்ப இதுல ஒவ்வொண்ணும் எங்கயோ ஒரு கம்பெனியோட சர்வர்ல இருக்கற ஒரு அக்கவுன்ட். ஒவ்வொரு அக்கவுன்ட்லயும் 'பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா'ன்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தினா லிங்க் போய் விழறது உங்க ஈமெயில்ல. அதாவது ஈமெயில் ஒருத்தன் கைக்குப் போச்சுன்னா டொமைன், சைட், பேமென்ட், பேஜ் எல்லாத்தோட பாஸ்வேர்டையும் அவன் வரிசையா மாத்திட்டே போகலாம், எதையும் உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. இது ஒண்ணு மனசுல பதிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

என்ன விக்கறதுங்கறதைப் பத்தி நான் அதிகம் பேசப் போறதில்லை, அது உங்க கைத்திறமை. ஒண்ணே ஒண்ணு மட்டும். 1995-ல இபேங்கற ஆன்லைன் ஏல சைட் ஆரம்பிச்சப்ப அதுல முதல்ல வித்த பொருள்னு சொல்றது ஒரு உடைஞ்ச லேசர் பாயின்டர், 14.83 டாலருக்குப் போச்சு. ஆரம்பிச்ச பியர் ஒமிடியாருக்கே ஆச்சரியம், அது உடைஞ்சதுன்னு தெரியும்ல அப்படின்னு வாங்கினவர்கிட்ட கேட்டிருக்கார், தெரியும், நான் உடைஞ்ச லேசர் பாயின்டர் சேர்க்கறவன்னு அவர் சொல்லியிருக்கார். எதுக்கும் எங்கயோ ஒரு ஆள் இருப்பாங்கறது ஒரு பக்கம். எனக்கு அதுல பிடிச்சது, உடைஞ்சதை உடைஞ்சதுன்னே போட்டு வித்ததுதான். பொருளோட குறையை முதல்லயே எழுதிட்டா ரிட்டர்னும் சண்டையும் பாதி குறையும்.

இடம் விஷயத்துல எல்லாரும் கேக்கற கேள்வி, சொந்த சைட்டா மார்க்கெட்பிளேஸானு. ஆரம்பத்துல மார்க்கெட்பிளேஸ்ல போடறதுல தப்பே இல்லை, கூட்டம் அங்கதான் இருக்கு. ஆனா அங்க நீங்க வாடகைக்கு இருக்கறவர், ஒரு நாள் அவங்க ரூல்ஸ மாத்தினாலோ ஏதோ கம்ப்ளெயின்ட்ல அக்கவுன்ட்டை நிறுத்தினாலோ வாங்கினவங்க லிஸ்ட் கூட உங்க கைல இருக்காது. அதனால சின்னதா ஒரே பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, சொந்த டொமைன் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க.

டொமைன்னு வரும்போது ஒரு விஷயத்தைத் தெளிவா புரிஞ்சுக்கணும், யாரும் டொமைனை நிரந்தரமா வாங்க முடியாது. டாட் காம் மாதிரி பேருங்களை ஒரு தடவைல அதிகபட்சம் 10 வருஷம் வரைக்கும்தான் ரெஜிஸ்டர் பண்ணலாம், அப்புறம் புதுப்பிச்சுட்டே இருக்கணும். புதுப்பிக்க மறந்தா உடனே போயிடாது, ரெஜிஸ்ட்ரார், அதாவது உங்களுக்கு டொமைனைப் பதிவு பண்ணிக் குடுத்த கம்பெனி, கொஞ்ச நாள் பொறுப்பாங்க, அப்புறம் 30 நாள் மீட்பு காலம்னு ஒண்ணு வரும், அதுல திரும்ப வாங்க கூடுதலா நல்ல காசு கேப்பாங்க, அதுவும் தாண்டினா 5 நாள்ல பேரு வெளிய விழும், அதைப் பிடிக்கறதுக்குன்னே ப்ரோகிராம் எழுதி காத்துட்டு இருக்கற கூட்டம் இருக்கு. ஆட்டோ ரினியூவலை ஆன் பண்ணுங்க, அதுல குடுத்த கார்டு காலாவதி ஆகலையான்னும் பாருங்க, இதை மறந்துதான் நிறைய பேர் மாட்டறாங்க. டிரான்ஸ்ஃபர் லாக்னு ஒரு செட்டிங் இருக்கும், அது ஆன்ல இருந்தா வேற ரெஜிஸ்ட்ராருக்கு யாரும் சத்தமில்லாம நகர்த்த முடியாது. புதுசா வாங்கினதும் ரெஜிஸ்ட்ரார் ஒரு வெரிஃபிகேஷன் மெயில் அனுப்புவாங்க, டொமைன் பேருங்களை நிர்வகிக்கற ஐகான் (ICANN) அமைப்போட விதிப்படி 15 நாளுக்குள்ள அதை கிளிக் பண்ணலேன்னா டொமைனையே நிறுத்தி வெச்சிடலாம். போலி மெயிலுக்கு பயந்து இந்த நிஜ மெயிலையும் ஸ்பேம்ல தள்ளி விட்டுட்டு சைட் ஏன் திறக்கலைன்னு தலையைப் பிச்சுக்கறவங்க உண்டு. முக்கியமா டொமைன் உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல, உங்க கார்டுல இருக்கணும். சைட் பண்றவருக்கு தனியா ஒரு லாகின் குடுங்க, வேலை முடிஞ்சதும் அதை எடுத்துடுங்க. அவரு நல்லவரா கெட்டவராங்கறது கேள்வியே இல்லை, அவரோட லேப்டாப்ல வைரஸ் வந்தாலும் பாதிக்கறது உங்க கடைதான்.

இப்ப ஈமெயில். பிசினஸுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கங்க, கேம் ஆப்புக்கும் கூப்பன் சைட்டுக்கும் குடுத்த பழைய ஐடி வேண்டாம். பாஸ்வேர்டு நீளமா இருக்கணும், வேற எங்கயும் பயன்படுத்தாததா இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு பழைய காலத்துல சொல்லிட்டு இருந்தாங்க, அமெரிக்க அரசாங்கத்தோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் (NIST) 2017-லயே அந்த மாதிரி கட்டாயமா மாத்தச் சொல்றதை விட்டுடுங்கன்னு சொல்லிடுச்சு, ஏன்னா மாத்தச் சொன்னா ஜனங்க கடைசில இருக்கற 1-ஐ 2 ஆக்கிட்டுப் போயிடறாங்க. வெளிய கசிஞ்சதுன்னு தெரிஞ்சா மாத்துங்க. கசிஞ்சதான்னு பாக்க டிராய் ஹன்ட்ங்கற பாதுகாப்பு நிபுணர் 2013-ல ஆரம்பிச்ச 'ஹேவ் ஐ பீன் ப்வோன்ட்' (Have I Been Pwned)ங்கற சைட்ல உங்க ஈமெயிலைப் போட்டுப் பாருங்க, எந்தெந்த சைட்ல இருந்து உங்க விவரம் திருடு போயிருக்குன்னு பட்டியல் போட்டுக் காட்டும், பாத்தா பல பேருக்கு தூக்கம் வராது.

ஏன் ஒரே பாஸ்வேர்டை ரெண்டு இடத்துல வெக்கக் கூடாதுன்னா, எங்கயோ ஒரு சின்ன சைட்ல திருடின ஈமெயில், பாஸ்வேர்டு ஜோடியை எடுத்து மெஷின் மூலமா பேமென்ட் சைட், மெயில் சைட்னு எல்லா இடத்துலயும் போட்டுப் போட்டுப் பாப்பாங்க. உங்களைக் குறி வெச்சு வர்றதில்லை, வலை வீசறாங்க, நீங்க அதுல இருக்கீங்க. இத்தனை பாஸ்வேர்டை யார் ஞாபகம் வெச்சுக்கறதுன்னா, பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் வெச்சுக்கங்க. அதுல பலர் கவனிக்காத ஒரு லாபம் இருக்கு, போலி சைட்டுக்குப் போனா அது பாஸ்வேர்டை நிரப்பாது, ஏன்னா அது கண்ணால பாக்கறதில்லை, அட்ரஸை எழுத்துக்கு எழுத்து பாக்குது. நிரப்பலைன்னா ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க, எரிச்சல்ல கையால டைப் பண்ணிடாதீங்க.

அடுத்தது டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டு போக இன்னொரு அடையாளமும் கேக்கறது. எஸ்எம்எஸ்ல ஓடிபி வர்றது ஒண்ணுமே இல்லாததுக்கு நல்லதுதான், ஆனா உங்க நம்பரை ஏமாத்தி வேற சிம்முக்கு மாத்திட்டா ஓடிபி அவனுக்குப் போகும். ஆதென்டிகேட்டர் ஆப் அதை விட நல்லது, 30 செகண்டுக்கு ஒரு தடவை மாறற 6 இலக்க நம்பர், நெட் இல்லாமயே உங்க போனே நேரத்தை வெச்சு கணக்குப் போட்டு காட்டுது. ஆனா அந்த நம்பரையும் போலி பக்கத்துல நீங்களே டைப் பண்ணினா போச்சு. இருக்கறதுல பலமானது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்கு பதிலா உங்க போனோ கம்ப்யூட்டரோ வெச்சுக்கற ஒரு டிஜிட்டல் சாவி, 2022-ல ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணும் சேர்ந்து இதைக் கொண்டு வர்றோம்னு அறிவிச்சாங்க, அது அந்த சரியான டொமைன்ல மட்டும்தான் வேலை செய்யும், போலி பக்கத்துக்கு நீங்களே குடுக்கணும்னு நினைச்சாலும் குடுக்க முடியாது. ஈமெயில்லயும் டொமைன் ரெஜிஸ்ட்ரார்லயும் பாஸ்கீ வசதி இருந்தா அதைப் போடுங்க. போன் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு ரெகவரி கோட் குடுப்பாங்க, அதைப் பேப்பர்ல எழுதி வீட்ல வைங்க, அதே போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சா போன் தொலையறப்ப அதுவும் சேர்ந்து தொலையும்.

இவ்வளவு பூட்டு போட்டாலும் உள்ள வர்றவன் பெரும்பாலும் கதவைத் தட்டித்தான் வர்றான். உங்க டொமைன் நாளைக்கு காலாவதி ஆகுது, உடனே புதுப்பிக்கவும்னு ஒரு மெயில். லோகோ சரியா இருக்கு, உங்க கடை பேரு சரியா இருக்கு. கீழ பட்டன், அது மேல கர்சரை வெச்சா அட்ரஸ் தெரியுது: பில்லிங் டாட் உங்ககடை டாட் காம் டாட் ஏதோஒண்ணு டாட் நெட், அதுக்கப்புறம் ஒரு சாய்வுக்கோடு, அப்புறம் நீளமா ஏதேதோ. நம்ம கண்ணு இடது பக்கத்துல இருந்து படிக்கும், உங்ககடை டாட் காம்னு பாத்ததும் நிம்மதி ஆயிடும். படிக்க வேண்டியது தலைகீழா. முன்னாடி வர்ற ரெட்டைக் கோடை விட்டுட்டு அடுத்து வர்ற முதல் ஒத்தை சாய்வுக்கோட்டைக் கண்டுபிடிங்க, அதுல இருந்து இடது பக்கமா ரெண்டு துண்டு பாருங்க, நெட், ஏதோஒண்ணு. அதுதான் நிஜ முதலாளி. அதுக்கு முன்னாடி இருக்கறதை எல்லாம் அந்த முதலாளி தன் இஷ்டத்துக்கு எழுதிக்கலாம். நாட்டு டொமைன்ல சில நேரம் மூணு துண்டு பாக்கணும், மத்தபடி இதே முறைதான். போன்ல இதையெல்லாம் பாக்கறது கஷ்டம், அதனால என் பழக்கம், பணம் சம்பந்தமா எந்த மெயில் வந்தாலும் அதுல இருக்கற லிங்கைத் தொடறதே இல்லை, புதுசா டேப் திறந்து நானே அட்ரஸ் போட்டு உள்ள போய் பாக்கறது. நிஜமா ஏதாவது இருந்தா அங்கயும் தெரியும்ல.

அட்ரஸுக்குப் பக்கத்துல பூட்டு சின்னம் இருந்துச்சேன்னு சொல்றவங்களுக்கு: அந்தப் பூட்டு காட்டறது ஹெச்டிடிபிஎஸ் (https), அது உங்களுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல யாரும் ஒட்டுக் கேக்க முடியாதுன்னு சொல்லுது, அந்த சைட் யோக்கியமானதுன்னு சொல்லலை. 2015 கடைசில லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்பு அதுக்கு வேண்டிய சர்டிஃபிகேட்டை இலவசமாவே எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து நல்லவங்களுக்கும் அது சுலபமாச்சு, திருடனுக்கும் சுலபமாச்சு. ஜனங்க தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னுதான் குரோம் பிரவுசர்ல 2023-ல அந்தப் பூட்டு படத்தையே எடுத்துட்டு வேற ஐகான் வெச்சாங்க. உங்க சைட்டுக்கு ஹெச்டிடிபிஎஸ் கண்டிப்பா வேணும், அது வேற விஷயம்.

பாஸ்வேர்டும் டூ ஃபேக்டரும் பக்காவா இருந்தும் மாட்டினவங்க உண்டு. 2023 மார்ச்ல லைனஸ் டெக் டிப்ஸ்னு கோடிக்கணக்கான பேர் பாக்கற யூடியூப் சேனல் கைமாறிப் போச்சு, பேரையே டெஸ்லான்னு மாத்தி கிரிப்டோ மோசடி வீடியோ ஓட்டினாங்க. எப்படி? ஸ்பான்சர்ஷிப் விஷயமா வந்த மெயில்ல இருந்த ஃபைலை அங்க வேலை பாக்கற ஒருத்தர் திறந்திருக்கார், அது பிடிஎஃப் மாதிரி வேஷம் போட்ட மால்வேர், அதாவது திருட்டு சாஃப்ட்வேர். உள்ள நுழைய அதுக்கு பாஸ்வேர்டே தேவைப்படலை, பிரவுசர்ல ஏற்கனவே லாகின் ஆகி இருக்கறதுக்கு அடையாளமா ஒரு செஷன் டோக்கன் இருக்கும், அதை அள்ளிட்டுப் போயிடுச்சு. அது கைல இருந்தா சைட் உங்களைத் திரும்ப பாஸ்வேர்டு கேக்காது, அவனையும் கேக்காது. கம்ப்யூட்டரைப் பத்தி ஊருக்கே சொல்லிக் குடுக்கறவங்களுக்கே இப்படி ஆச்சுன்னா, புதுசா கடை போட்டு முதல் ஸ்பான்சர், முதல் மொத்த ஆர்டர்னு ஆசையா காத்துட்டு இருக்கற நமக்கு எவ்வளவு சுலபமா ஆகும். பிசினஸ் அக்கவுன்ட்டுக்கு தனி பிரவுசர் ப்ரொஃபைல் வெச்சுக்கங்க, முடிஞ்சா தனி கம்ப்யூட்டரே. கிராக் பண்ணின சாஃப்ட்வேர் அந்த மெஷின்ல வரவே கூடாது.

பணம் வாங்கற விஷயத்துல புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், கார்டு நம்பரை நீங்க தொடாதீங்க. கேட்வே கம்பெனியோட பக்கத்துல கஸ்டமர் கார்டைப் போடட்டும், உங்களுக்குப் பணம் வந்துச்சா வரலையாங்கற தகவல் மட்டும் வரட்டும். 2004-ல இருந்து பிசிஐ டிஎஸ்எஸ்னு கார்டு கம்பெனிங்களோட விதிமுறை இருக்கு, அதுல கார்டு பின்னாடி இருக்கற சிவிவி நம்பரை பேமென்ட் முடிஞ்சதுக்கப்புறம் விக்கறவங்க யாருமே சேமிச்சு வெக்கக் கூடாது. சாட்ல கார்டு போட்டோ அனுப்பறேன்னு சொல்ற கஸ்டமர் இருப்பாங்க, வேண்டாம்னு சொல்லிடுங்க, இருந்தாத்தானே திருடு போகும்.

கஸ்டமர் வேஷத்துல வர்றவங்க ஒரு தனி ரகம். பணம் போட்டாச்சு, ஸ்க்ரீன்ஷாட் பாருங்க, அவசரம், இன்னைக்கே அனுப்புங்கன்னு ஒருத்தர். ஸ்க்ரீன்ஷாட்டை யார் வேணா தயார் பண்ணலாம், உங்க அக்கவுன்ட்டுக்குள்ள நீங்க போய் பணம் வந்ததைப் பாக்காம பொருளை நகர்த்தாதீங்க. இன்னொருத்தர் தெரியாம கூட அனுப்பிட்டேன், மிச்சத்தை இந்த அக்கவுன்ட்டுக்கு திருப்பி விடுங்கம்பார். அந்த முதல் பணம் திருட்டுக் கார்டுல இருந்து வந்ததா இருக்கும், கொஞ்ச நாள் கழிச்சு கார்டோட சொந்தக்காரர் கம்ப்ளெயின்ட் பண்ணினதும் பேங்க் அதை உங்ககிட்ட இருந்து திரும்ப எடுத்துக்கும், நீங்க திருப்பி அனுப்பின 'மிச்சம்' மட்டும் போனது போனதுதான். ரீஃபண்ட்னா எந்த வழில வந்துச்சோ அதே வழில, கேட்வேக்குள்ள இருக்கற ரீஃபண்ட் பட்டனை அழுத்தி மட்டும். திடீர்னு ராத்திரில சின்னச் சின்ன தொகைக்கு நூத்துக்கணக்கா ஆர்டர் வந்து பாதி ஃபெயில் ஆனா சந்தோஷப்படாதீங்க, திருடின கார்டுல எது உயிரோட இருக்குன்னு உங்க செக்அவுட்ல வெச்சு சோதிக்கறாங்க, உடனே கேட்வேகிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுங்க.

எதிர்ப் பக்கமும் இருக்கு. சப்ளையர்கிட்ட இருந்து எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இனிமே இந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்கன்னு அதே பழைய மெயில் தொடர்ச்சிலயே வரும், ஏன்னா அவரோட மெயிலுக்குள்ள எவனோ உக்காந்துட்டு நீங்க பேசறதை எல்லாம் படிச்சுட்டு இருக்கான். ஏற்கனவே தெரிஞ்ச நம்பருக்கு கூப்பிட்டுக் கேளுங்க, அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்லை.

அப்புறம் பிசினஸ் கத்துத் தர்றோம்னு வர்ற கூட்டம். முதல்ல கட்டணம், அப்புறம் அட்வான்ஸ்டு லெவல் கட்டணம், வருமானம் கேரன்டி. கேரன்டி குடுக்கறவர்கிட்ட அவரோட சம்பாத்தியம் அந்த பிசினஸ்ல இருந்து வருதா இந்த கோர்ஸ்ல இருந்து வருதான்னு மட்டும் கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சிடும்.

சைட் பராமரிப்பு, இதை சீக்கிரம் சொல்லிடறேன். உலகத்துல இருக்கற வெப்சைட்டுல 40 சதவீதத்துக்கு மேல வேர்ட்பிரஸ்ங்கற சைட் பண்ற சாஃப்ட்வேர்ல ஓடுது, அதனாலயே அதுல ஓட்டை தேடறவங்களும் அதிகம். ஓட்டை பெரும்பாலும் பிளகின்ல, அதாவது கூடுதல் வசதிக்காக சேர்க்கற குட்டி சாஃப்ட்வேர்ல இருக்கும். தேவையில்லாத பிளகினை எடுத்துடுங்க, அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க, காசு குடுத்து வாங்க வேண்டிய தீம் எங்கயோ இலவசமா கிடைக்குதுன்னா அதுக்குள்ள ஏதோ வெச்சுத்தான் குடுக்கறாங்க. பேக்அப்புக்கு மூணு ரெண்டு ஒண்ணுன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. அதை ஒரு தடவையாவது திரும்ப ஏத்திப் பாருங்க, ஏத்திப் பாக்காத பேக்அப்பை நான் பேக்அப்னே சொல்ல மாட்டேன். சொந்த டொமைன்ல இருந்து மெயில் அனுப்பறீங்கன்னா எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு செட்டிங் போடச் சொல்லுங்க, உங்க பேர்ல வேற எவனாவது மெயில் அனுப்பினா அது போலின்னு வாங்கறவங்களோட சர்வருக்குத் தெரியும். 2024 பிப்ரவரில இருந்து ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்பறவங்களுக்கு கூகுள் இதைக் கட்டாயமே ஆக்கிடுச்சு.

இவ்வளவு பண்ணியும் ஒரு நாள் உள்ள புகுந்துட்டாங்கன்னு வைங்க. முதல்ல வேற ஒரு சுத்தமான கம்ப்யூட்டர்லயோ போன்லயோ இருந்து ஈமெயில் பாஸ்வேர்டை மாத்துங்க, எல்லா டிவைஸ்லயும் இருந்து லாக்அவுட்ங்கற பட்டனை அழுத்துங்க, திருடின செஷன் அப்பதான் சாகும். அப்புறம் மெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் பாருங்க, இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. பேங்க்னு வார்த்தை இருக்கற மெயிலை எல்லாம் தனக்கு ஒரு காப்பி அனுப்பிட்டு உங்க இன்பாக்ஸ்ல இருந்து மறைக்கற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டுட்டுப் போயிருப்பான், பாஸ்வேர்டை மாத்தினாலும் அது பாட்டுக்கு ஓடும். ரெகவரி போன் நம்பரையும் பாருங்க. அடுத்தது ரெஜிஸ்ட்ரார், கேட்வே, பேங்க், அந்த வரிசைல.

கஸ்டமருக்கும் சொல்லணும், மறைக்கக் கூடாது. இந்த மாதிரி: "நேத்து எங்க ஈமெயிலுக்குள்ள வெளி ஆள் புகுந்திருக்காங்க. உங்க பேரு, அட்ரஸ், போன் நம்பரை அவங்க பாத்திருக்கலாம். கார்டு விவரம் நாங்க வெச்சுக்கறதே இல்லை, அதனால அது எங்ககிட்ட இருந்து போகலை. எங்க பேர்ல பணம் கேட்டோ லிங்க் குடுத்தோ மெசேஜ் வந்தா எதுவும் பண்ணாதீங்க, எங்க பழைய நம்பருக்கு கூப்பிட்டுக் கேளுங்க." இவ்வளவு போதும். அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டி வரலாம், 2018-ல நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய யூனியனோட ஜிடிபிஆர்ங்கற தகவல் பாதுகாப்பு சட்டப்படி, ஜனங்களுக்கு பாதிப்பு வரக்கூடிய கசிவுன்னா தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள அதிகாரிங்களுக்குத் தெரிவிக்கணும், அங்க இருக்கறவங்களுக்கு விக்கறவங்க வேற நாட்டுல இருந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும். நீங்க யாருக்கு விக்கறீங்களோ அங்க விதி என்ன, யாருக்கு எழுதணும்னு இப்பவே பாத்து ரெகவரி கோட் எழுதின அதே பேப்பர்ல எழுதி வெச்சிடுங்க.